சேற்றில் விழுந்து கண்ட இருவாச்சி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

பறவை பார்க்க வந்தவர்களுக்கு வழிகாட்டியாக மூன்று நாள் ஓட்டிவிட்டேன். முதல் இரண்டு நாளும் அடைமழை, பறவையே சிக்கவில்லை. "இந்தப் பொண்ணுக்குக் காடு தெரியுமா?" என்று கூட்டத்தில் மூத்தவரான டாக்டர் முணுமுணுத்தார்.

நேற்றுக் காலை சேற்றில் வழுக்கி விழுந்தேன். அடியெல்லாம் இல்லை. படுத்தபடியே கேட்டேன்: மேலே பெரிய விசிறி வீசுவதுபோல் சிறகுச் சத்தம்.

"இருவாச்சி! அசையாதீங்க, மேல பாருங்க!" என்றேன்.

பெரிய அலகுள்ள அந்தப் பறவைகள் ஜோடியாக வந்து எங்கள் தலைக்கு நேர் மேலே கிளையில் அமர்ந்தன. டாக்டர் கண்ணாரப் பார்த்துவிட்டு, கைகொடுத்து என்னைத் தூக்கினார். "நாளைக்கு எந்தப் பக்கம் போறோம்மா?" என்றார்.

சட்டைதான் பாழ். உங்கள் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போட்டதே வேண்டும்.

ஜீப் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்