நீ சொன்ன ‘போறேன்’

மச்சி,

ஆஸ்பத்திரியில் உன் அம்மா இதை உன்னிடம் கொடுப்பார். என் கடிதத்தில் ‘கடி’ இல்லாதது இதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை டியூஷன் முடிந்ததும், மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் உன் கிரிக்கெட் பேட்டை என் கையில் திணித்தாய். ஒருநாளும் என்னைத் தொடவிடாத பேட். “நீயே வெச்சுக்கோடா. நான் போறேன்” என்றாய். தினமும் “வரேன்டா” என்று சொல்கிறவன் நீ.

எனக்கு உறைத்தது மச்சி. சொல்லைப் பிடித்தே பிழைக்கிறவன் நான், எப்படி உறைக்காமல் இருக்கும்? ஆனாலும், “இன்னாடா, போறவன் ஹெல்மெட்டையும் குட்த்துட்டுப் போ!” என்று கத்தினேன். பசங்க சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பே போதுமென்று ரயில் ஏறிவிட்டேன்.

“சாகணும்னு தோணுதாடா?” என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நானே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவேனோ என்று பயம். அப்படியெல்லாம் கிளம்பாது, கேட்பதே பெரிய உதவி என்று உன் டாக்டர் நேற்று சொன்னார். நேற்று.

நாளை நாலு மணிக்கு வந்து கேட்கிறேன். நீ பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பேட்டைக் கொண்டுவருகிறேன். தயவுசெய்து திரும்ப வாங்கிக்கோடா.

வரேன்,
அன்றைக்கு ஜோக்கடித்தவன்