புகைவரிக்கு எதிரான முதற்குறியை அழிக்கும் ஓலை

மழை தன் மாதம் தவறாதிருக்க, மஞ்சாறு வற்றாதிருக்க.

மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மஞ்சாற்று நாட்டை ஒரு குடைக்கீழ்க் காத்து, வலியோர் வழக்குக்கும் எளியோர் சொல்லுக்கும் ஒரே செவி சாய்க்கும் பேரரசி நீலமங்கையார் திருவடிக்கும், அவர்தம் அவையில் வீற்றிருக்கும் அமைச்சர் பெருமக்களுக்கும், கரும்பாறை உலைக்களத்தில் முப்பத்தொரு ஆண்டாய்த் துருத்தி ஊதும் வேம்பன் தெண்டனிட்டு வரைந்த ஓலை. தங்கள் ஆட்சியில் ஊர்கள் எல்லாம் நலமாகுக. அடுத்து எங்கள் ஊரும் நலம் என்று எழுதுவது முறையாம். எழுத மாட்டேன். நலமில்லை.

அமாவாசையன்று அவை கூடிப் புகைவரியை விதிப்பதா, அடியோடு விடுவதா என்று முடிவு செய்யப் போவதாகக் கேள்வி. இன்னும் ஆறே நாள். இதைக் கொண்டுபோகும் உப்பு வண்டி பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடும். ஒரு உலை இறக்கி அடுத்தது ஏற்றுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். வேகமாக இழுத்தால் ஓலை கிழிகிறது. மெதுவாக எழுதினால் நேரம் போகிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

உலையில் எரிக்கும் ஒவ்வொரு கூடை மரக்கரிக்கும் புகைவரி உண்டு. திரண்டதில் பாதி நாட்டின் எல்லா வீட்டுக்கும் சமமாய்ப் போகும், மறுபாதி மொட்டையான மலையில் மரம் வைக்கவும் வேலையிழந்தவருக்கு நெல் அளக்கவும் ஆகும் என்று போன ஆண்டு ஆணையிட்டீர்கள். அந்த ஆணை நடக்கவில்லை. உலைத் தொழிலாளரே வேண்டாமென்று குறியிட்டு ஓலை அனுப்பினார்கள் என்பது காரணம். நாற்பத்தொரு குறி. அதில் முதற்குறி, துருத்தி வடிவம், என்னுடையது.

களத்துக்கு உடையவரான உலைக்கிழார் நன்னம்பியாரின் கணக்கர் அந்த ஓலையைக் களத்தில் வாசித்தார். ‘உலைக்களத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைத்துத் தர வேண்டும்’ என்பது முதல் வரி. அதோடு நிறுத்தி, “மிச்சமெல்லாம் வழக்கமா எழுதறதுதான். வெயில்ல நிக்காதீங்கய்யா, குறியப் போடுங்க” என்றார். நான் போட்டேன். என்னைப் பார்த்து நாற்பது பேர் போட்டார்கள். பந்தல் வந்தது, பானைகளும் வந்தன. ஊற்றத்தான் தண்ணீர் இல்லை. மலையடி ஊற்று மாசியிலேயே வற்றிப் போயிற்று.

‘நீங்கள் கேட்டபடியே வரி நிறுத்தப்பட்டது’ என்று தங்கள் தூதர் வந்து முழு ஓலையையும் வாசித்தபோதுதான் மிச்ச வரிகளைக் கேட்டேன். புகையால் எவருக்கும் கேடில்லை, மழை தெய்வச் செயல் என்று நான் சொன்னதாக இருந்தது. அன்றே ஊர்ச்சபைக்குப் போய் என் குறியை அழிக்கக் கேட்டேன். எழுத்தறியாதவன் இட்ட குறியை அவனே எழுத்தறிந்து, தன் கையால் பெயரெழுதி மறுத்தாலொழிய மாற்ற முடியாது, அதுவே இந்நாட்டு முறை என்றார்கள். பின்னாலிருந்து ஒருவர், “வேம்பா, நீ எழுத்துப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள மலையில மரமே மறுபடி முளைச்சிரும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

எட்டு மாதம். உப்பு வண்டிக்காரர் கடலன் வரும்போதெல்லாம் ஐந்தைந்து எழுத்தாய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். கரித்துண்டால் சுவரெல்லாம் எழுதினேன். “ஆனா ஆவன்னா எங்கயும் ஓடிப்போகாது, சோறு ஆறுது வாய்யா” என்பாள் என் மனைவி குறும்பாயி.

வரி வந்தால் உலை அணையும், உலை அணைந்தால் எங்கள் அடுப்பு அணையும், வரியில்லாத பாலைக்கரை நாட்டு இரும்பு சந்தையை நிரப்பும் என்று உலைக்கிழார் அவையில் சொல்கிறாராம். பொய்யென்று தள்ள மாட்டேன், அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. எல்லைச் சாவடியில் அந்த இரும்புக்கும் அதே வரியை வாங்குங்கள்.

ஆனால் அவர் சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும். பதினைந்து ஆண்டுக்கு முன் இரட்டைச் சுவர் வைத்து ஒரு உலை கட்டினோம். மூன்று கூடை கரி தின்னும் இடத்தில் இரண்டே தின்றது. இரும்பு அதே இரும்பு. கட்ட நாளாகிறது, கரி மலையில் சும்மாதானே கிடக்கிறது என்று இடித்துப் போட்டார்கள். புகைவரிப் பேச்சு எழுந்த மறுநாள் உலைக்கிழார் என்னைத் தனியே கூப்பிட்டு, “வேம்பா, அந்த ரெட்டச் சுவர் உலை... திரும்பக் கட்ட எத்தன நாளாகும்?” என்று கேட்டார். இருபது நாள் என்றேன். செங்கல் வந்து இறங்கியது. வரி நின்றது; செங்கல் அவருடைய மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. தாயே, வெறும் பேச்சே செங்கல்லை இறக்கியதென்றால், வரி வந்தால் என்னதான் நடக்காது?

புகை வானேறியதிலிருந்து கார்த்திகை மழை தையில் வருகிறது. வந்தால் ஊரை அடித்துக்கொண்டு போகிறது. ஆற்றுமுகத்து உப்பளக்காரர்கள் ஒரு கூடைக் கரி எரித்தவர்களில்லை. போன மழையில் கடலனின் உப்பு முழுக்கக் கரைந்தது. வானத்துக்கு எல்லைக்கல் கிடையாது, என் உலைப்புகை அவர் தலைமேல் போய் நிற்கிறது. அதற்கு விலை கேட்காதவரை யாரும் நிறுத்த மாட்டார்கள். நானும் மாட்டேன். ஊதச் சொன்னால் ஊதுவேன். எனக்கும் வயிறு இருக்கிறது.

இந்த ஓலை போனது தெரிந்தால் களத்தில் எனக்கு இடமில்லை. குடியிருக்கும் வீடும் உலைக்கிழாருடையது. காலையில் குறும்பாயியிடம் சொன்னேன். பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

கொம்பு ஊதிவிட்டார்கள். உலை ஏற்றப் போகிறார்கள்.

ஓலை முடியுமிடத்தில் முத்திரையும் ஆணையும் வர வேண்டுமாம். முத்திரை என்னிடம் இல்லை. ஆணையிட ஆளுமில்லை, நிலமுமில்லை. எனக்குக் கீழே இருப்பது என் குறி ஒன்றுதான். ஆகவே அதற்கு ஆணையிடுகிறேன்: அந்தப் பழைய ஓலையை விட்டு என் துருத்தி இறங்கிவிடுக. மற்ற நாற்பது பேரையும் மறுபடி கேளுங்கள். இம்முறை கடைசி வரிவரை வாசித்துவிட்டுக் கேளுங்கள். புகைவரி ஆணை தங்களுடையது. விரைந்து இடுக.

கீழே துருத்தி வரைந்து அதன்மேல் கோடு கிழித்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பது என் பெயர்.

வேம்பன்.
இவை என் எழுத்து.