இடப்பக்கம் இழுக்கிற பிஸ்ரல்

12 செப்டெம்பர் 1995, செவ்வாய்

முதலாளி பிஸ்ரல் வாங்கியிருக்கிறான். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னன். செத்துப்போன ஒருவனுடையது, அவன்ரை மனிசி மலிவாய்த் தள்ளிவிட்டிருக்கிறாள். இத்தாலியில், அதுவும் பலெர்மோவில் நகைக்கடை வைத்திருக்கிறவனுக்கு இடுப்பில் ஒன்று வேணுமாம். வெளியே கொண்டுதிரிய லைசென்ஸ் வேண்டும், அதற்குச் சுட்டுக்காட்டிச் சோதனை பாஸ் பண்ண வேண்டும்.

எலுமிச்சந் தோட்டத்துக்குப் பின்னால் பழைய கல்லுடைத்த பள்ளம் ஒன்று கிடக்கிறது. அங்கே வெடித்தால் பகேரியாவில் ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பழப்பெட்டியில் வட்டம் கீறிய கடதாசி ஒட்டி வைத்தேன். சுட்டான். எல்லாம் இடப்பக்கம், எல்லாம் கீழே. கடதாசியைக் கோணலாய் ஒட்டினேன் என்று எனக்குப் பேச்சு.

17 செப்டெம்பர்

வேறு தோட்டா வாங்கி வந்தான். அதே இடப்பக்கம். குழாய் ஊத்தை என்றான், பிரஷ் விட்டுத் தேய்த்தேன். அதே இடப்பக்கம். பிடி கட்டை, சின்னிவிரலுக்கு இடமில்லை என்று அடியில் ஒரு நீட்டுத்துண்டு வாங்கிப் போட்டான். அதே!

எனக்கு இன்றைக்கு விளங்கிவிட்டது. தோட்டா முடிந்தது தெரியாமல் ஒருதரம் விசையை இழுத்தான். வெடிக்கவில்லை, 'டிக்' என்றது. ஆனால் கை இடப்பக்கமாய்க் கீழே குத்தியது, கண்ணும் மூடியது. பிஸ்ரலில் ஒரு குறையும் இல்லை. ஆளுக்குச் சத்தத்துக்குப் பயம். எங்களுக்கு முன்னால் மட்டும் பெரிய சண்டியன்.

மனிசி குகனேஸ்வரியிடம் சொல்லிச் சிரித்தேன். "அந்தாளிட்டைச் சொல்லுங்கோவன், பாவம்" என்றாள். பாவமாம்! இந்த வீட்டில் நான் தோட்டமும் கடையும் பார்க்கிறேன், அவள் சமையலும் துப்புரவும். இரண்டு பேருக்கும் பெர்மெஸோ இல்லை. வேலை தந்தவன் ஒப்பம் வைத்தால்தான் அந்த இருப்புக் கடதாசி வரும். அவன் முகத்தைப் பார்த்து நீ பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்லவோ?

2 ஒக்டோபர்

சரஸ்வதி பூசை. வேலை செய்கிற சாமான் எல்லாவற்றுக்கும் மோதிரவிரலால் சந்தனமும் குங்குமமும் தொட்டு வைத்தாள். கத்தி, இஸ்திரிப்பெட்டி, தூசு உறிஞ்சுகிற மெஷின், என்ரை சுத்தியல். எண்ணெய் போடச் சொல்லி அவன் தந்த பிஸ்ரல் மேசையில் கிடந்திருக்கிறது. அதற்கும் வைத்துவிட்டாள். நான் கவனிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

3 ஒக்டோபர்

பிஸ்ரலின் பின்பக்கம் காடி வெட்டிய சின்னத் துண்டு ஒன்று உண்டு. அதற்குள்ளால் முன்முளையைப் பார்த்துத்தான் குறிவைக்க வேண்டும். அந்தக் காடிக்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது.

பிடித்துக்கொண்டான். இத்தனை நாள் இடப்பக்கம் போனதற்கெல்லாம் இந்தச் சூனியக்காரிதான் காரணமாம். போன மாதமும் சந்தனமோ பூசிக் கிடந்தது என்று கேட்க வாய் உன்னியது. விழுங்கினேன். அவளைக் குந்தவைத்து ஊசியால் காடியைச் சுரண்ட வைத்தான். பிறகு தண்டனை சொன்னான்: இனி அவன் சுடுகிற நேரம் அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, குண்டு எங்கே பட்டது என்று தடியால் காட்ட வேண்டும். "வலப்பக்கம் நிக்கட்டும். என்ரை குண்டு அங்காலை போறதேயில்லை" என்று சிரிக்கிறான்.

அவள் தடியை வாங்கவில்லை. "நில்லும், ஒண்டும் நடக்காது" என்றேன். பொய் இல்லையே. அவன் பயந்த மனிசனாய் இருக்குமட்டும் ஒன்றும் நடக்காது.

8 ஒக்டோபர்

நிற்கிறாள். சாப்பாடு இறங்குதில்லை என்கிறாள்.

31 ஒக்டோபர்

எங்கடை ஊர்க் கோபாலசிங்கம் பலெர்மோ கால்சாவிலிருந்து போன் எடுத்து அழுதான். ஆமிக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க நேற்று வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடக்கிறதாம், மழைக்குள். என்ரை ஆட்கள் எங்கே நிற்கிறார்களோ தெரியாது. இனித் திரும்பிப் போகிற கதையே இல்லை. இஞ்சைதான். எப்பிடியும் இஞ்சைதான்.

26 நவம்பர்

புதுச் சட்டம் வந்திருக்கிறது. இப்போது ஒப்பம் கிடைத்தால் பெர்மெஸோ நிச்சயம். கோபாலசிங்கம் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா கேட்டவுடன் வைத்துக் கொடுத்தாளாம். நான் கேட்டேன். சோதனை பாஸானால் பார்ப்போம் என்றான். எங்கள் இரண்டு பேரின் சீவியமும் இந்த நாயின் குறியில் தொங்குகிறது.

ஆகவே குறியைச் சரிப்படுத்தினோம். குண்டு எந்தப் பக்கம் போக வேணுமோ அந்தப் பக்கம் காடித் துண்டைத் தள்ள வேணுமாம். பித்தளைக் கட்டையை வைத்துச் சுத்தியலால் மெல்ல மெல்ல வலப்பக்கம் தட்டினேன். தன் கையால் செய்யமாட்டான். பழுதானால் பழி போட ஓராள் வேண்டாமோ? தட்டி முடியச் சுட்டான். வட்டத்துக்கு நேரே, கொஞ்சம் கீழே. பிஸ்ரலைக் கொஞ்சினான். எனக்கும் ஒரு வைன் ஊத்தித் தந்தான்.

குண்டு நடுவில் விழுகிறது என்று குகனேசுக்கும் நல்ல சந்தோசம். இனி என்னை நிக்கச் சொல்லான் என்றாள். ஆனால் சொன்னான். அவள் அங்கே நிற்கிறது பழகிவிட்டதாம்.

21 ஜனவரி 1996, ஞாயிறு

கை எழுதுதில்லை. எழுதத்தான் வேணும்.

சோதனைக்கு முன் பழகவென்று பலெர்மோவில் சுடப் பழக்குகிற இடத்துக்குப் போய்வந்தான். அங்கை இருக்கிற பிஸ்ரலால்தான் பழக்கினார்களாம். கையை அமத்தாதே, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெல்ல இழு, வெடி தானாய் வரட்டும் என்று மாஸ்ரர் சொல்லித் தந்தாராம். பயம் விட்டுப் போச்சாம். எல்லாம் வட்டத்துக்குள்ளாம். மத்தியானம் எங்களையும் பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான், காட்டுவதற்கு.

சோதனை பாஸானதும் ஒப்பம் என்று வழியில் திரும்பவும் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

குகனேஸ் தடியோடு வலப்பக்கம் போய் நின்றாள். அவன் கண்ணை மூடாமல் மெல்ல இழுத்தான். பெட்டியின் வலக்கரைச் சிலாகை தெறித்தது.

எனக்குத் தெரியும். அந்த நொடியே தெரியும். காடி நான் தட்டிவிட்ட இடத்தில் இருக்குது. பயந்த கைக்குத் தட்டினது. பயம் போனால் குண்டு வலப்பக்கம்தான் போகும். அவள் அவனைப் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்தவள். 'நிப்பாட்டு' எண்டு ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. சொன்னால் முகம் கறுப்பான், ஒப்பம் போகும் — அதைத்தான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான். மற்ற வெடி வெடிச்சிட்டுது.

வலக்கை. மோதிரவிரலும் சின்னிவிரலும் இல்லை.

22 ஜனவரி

ஆசுப்பத்திரிக்குக் கரபினியேரிப் பொலிஸ் வந்தார்கள். அதற்கு முன்னமே வாங்கிலில் வைத்து அவன் என்னோடு கதைத்து முடித்திருந்தான். தூசு தட்டப் போனவள் மேசை லாச்சியிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். அப்படிச் சொன்னால் இரண்டு கடதாசியிலும் நாளைக்கே ஒப்பம்.

அவளுக்கு இத்தாலியன் கதைக்க வராது. மொழிபெயர்க்க என்னைத்தான் கேட்டார்கள்.

அவள் ஆறுதலாய்ச் சொன்னாள்: "அந்தாள்தான் சுட்டது. முதல் வெடி பிழைச்சது இவருக்குத் தெரியும். இவர் பாத்துக்கொண்டு நிண்டவர்."

தூசு தட்டும்போது தானே எடுத்தாளாம், தானே வெடித்துவிட்டதாம் என்று நான் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். இத்தாலியன் கதைக்கத்தான் அவளுக்கு வராது, கேட்டால் விளங்கும். முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள்.

நான் வேறென்ன செய்ய? இரண்டு பேரும் போய் எங்கே நிற்கிறது? அவளுக்கும் சேர்த்துத்தானே செய்தேன்?

23 ஜனவரி

ஒப்பம் வைத்தான். இரண்டிலும்.

3 மார்ச்

கட்டு அவிழ்த்தாயிற்று. சமையல் செய்கிறாள். கத்தி வழுக்குகிறது. வேலை மந்தம் என்று முதலாளி முணுமுணுக்கிறான். பிஸ்ரலைக் கரபினியேரி கொண்டுபோய்விட்டார்கள், லைசென்சும் இல்லை. நாய் ஒன்று வாங்கியிருக்கிறான். அதைக் குளிப்பாட்டுகிறதும் நான்தான்.

18 ஜூன்

பெர்மெஸோ கிடைத்தது. இரண்டு பேருக்கும். படத்தில் நல்லாய் இருக்கிறீர் என்றேன். உள்ளே போய்விட்டாள். ஜனவரிக்குப் பிறகு தேவைக்கு மேலே ஒரு சொல் இல்லை.

20 ஒக்டோபர் 1996, ஞாயிறு

சரஸ்வதி பூசை. இந்த முறை செய்யமாட்டாள் என்று நினைத்திருந்தேன். கோபாலசிங்கம் வீட்டுக்குப் போய்வந்து பார்த்தால் விளக்குக் கொளுத்தியிருக்கிறது. கத்தி இல்லை, இஸ்திரிப்பெட்டி இல்லை. படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து என்ரை சுத்தியலும் அந்தப் பித்தளைக் கட்டையும் மட்டும். நன்றாகக் கழுவி வைத்திருந்தாள்.

பொட்டுத் தொடுகிற விரல் இல்லாதபடியால் பெருவிரலால் சந்தனம் வைத்தாள். பெரிய பெரிய பொட்டு.

"எங்களுக்குப் பெர்மெஸோ எடுத்துத் தந்தது இதுதானே" என்றாள். "விழுந்து கும்பிடுங்கோ."

பகிடி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. கற்பூரம் அணையும்வரை பக்கத்திலேயே நின்றாள், நான் கும்பிடுகிறேனா என்று பார்த்துக்கொண்டு.

விழுந்து கும்பிட்டேன்.