மஹ்மூதாவிடம் சொல்லாத பாதி

2017 மார்ச் 20, திங்கள்

கொழும்பு கிளினிக். பெப்ரவரியில் என் பெருங்குடலிலிருந்து வெட்டி எடுத்த கட்டியின் றிப்போர்ட் வந்துவிட்டது. டொக்டர் இளையவர். கட்டியின் கலங்களில் நான்கு புரதங்களைத் தேடினார்களாம். இரண்டு இல்லை. கலம் பிரியும்போது விழுகிற பிழைகளைத் திருத்தும் புரதங்கள் அவை. "உங்கட பேப்பர்ல பிழை பாக்க ஒப்புநோக்குறவங்க இருப்பாங்கதானே, அவங்க மாதிரி. நாலு பேர்ல ரெண்டு பேர் வேலைக்கு வரல்ல" என்றார்.

"வரல்லயா, ஆளே இல்லையா?"

"ஆளே இல்ல" என்று சிரித்தார்.

செய்திக்கு இரண்டு பாதி. எனக்கு நல்லது: என்னுடையதைப்போல வெளியே பரவாத கட்டியில் இந்தப் புரதங்கள் இல்லாவிட்டால் நோய் திரும்பி வருவது குறைவு. மருந்து ஏற்றவும் தேவையில்லை. மற்றப் பாதி: இந்தக் குறை பரம்பரையாக வந்திருக்கலாம். உம்மா நாற்பத்தேழு வயதில் வயிற்று நோயால் மௌத்தானதைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் குடலைக் கமெரா விட்டுப் பார்க்க வேண்டும். எனக்கிருப்பது ஒரே தங்கை, ஒரே மகள். தங்கைக்கென்று ஒரு கடிதம் தந்தார். "தள்ளிப்போட வேணாம்."

மார்ச் 21

வீட்டில் முதற்பாதியைச் சொன்னேன். மனைவி மபாஸா அழுது, இரண்டு ரக்அத் தொழுதாள். மாம்புரியிலிருந்து தங்கை மஹ்மூதா போன் எடுத்தாள். "அல்ஹம்துலில்லாஹ் நானா. இனி இந்தப் பேப்பர்காரன்ட வாயை ஒருத்தராலயும் மூடேலாது."

கடிதம் அலுமாரியில், என் பழைய கோப்புகளுக்கு அடியில்.

மார்ச் 24

ஏன் என்று எழுதி வைக்கவேண்டும்.

மகள் றிஷ்னாவின் நிக்காஹ் ஓகஸ்ட் 13 என்று புத்தளத்து மாப்பிள்ளை வீட்டோடு பேசி முடித்திருக்கிறோம். பெண் வீட்டில் பரம்பரை நோய் என்று தெரிந்தால்? மாம்புரியில் லுஹர் தொழுகைக்குச் சொன்னது அஸருக்குள் புத்தளத்துக்குப் போய்விடும்.

எங்கள் பத்திரிகைக்குச் சில அறிக்கைகள், இன்ன திகதிக்கு முன் வெளியிடக் கூடாது என்று தலைப்பில் அச்சிட்டு வரும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவையும் அதை நான் மீறியதில்லை. இந்தச் செய்திக்கு நானே ஒரு திகதி போட்டேன். ஓகஸ்ட் 14. செய்தி வந்த நாளிலிருந்து நூற்று நாற்பத்தேழு நாட்கள். அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது?

ஏப்ரல் 30

மஹ்மூதா வந்தாள். மெலிந்திருக்கிறாள். கேட்டால், தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கிற காலம் என்றாள்.

ஜூலை 8, சனி

அவளுக்கு இரத்தம் குறைவாம். கற்பிட்டி ஆஸ்பத்திரியில் இரும்புக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். "இன்னும் ஒரு மாசம் திண்டா என்னில காந்தம் ஒட்டும்" என்று சிரித்தாள். படியேறி வந்தவள் பேச முன் மூச்சு வாங்கினாள்.

குடலில் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்தால் இப்படித்தான் இரத்தம் குறையும். மார்ச்சில் டொக்டர் எனக்கு விளக்கியது. அதாவது, எனக்குத் தெரியும்.

"தங்கச்சி, கொழும்புல ஒருக்காக் காட்டுவமா?"

"கலியாணம் முடியட்டும் நானா. இப்ப நான் படுத்தா உங்கட வீட்ட யாரு சோறு ஆக்குற? மச்சியா? அவ வச்ச ஆணத்தைத் திண்டா மாப்பிள்ளை வந்த வழியே போயிருவாரு."

மபாஸா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லோரும் சிரித்தோம்.

அவளே மறுத்ததில் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஓகஸ்ட் 13, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. ஐம்பது பேருக்கு வட்டிலப்பம் அவித்த மஹ்மூதா, பந்தி நடக்கும்போது கதிரையை விட்டு எழும்பவில்லை. நாளைக்குச் சொல்லவேண்டும்.

ஓகஸ்ட் 27

சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டு விருந்து. பிறகு அடுத்த கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் என்று — நான் போட்ட திகதியே போய்விட்டது. இப்போது யாருக்குப் பயம்? புத்தளத்துக்கா? இத்தனை நாள் ஏன் என்று அவள் கேட்பாளே, அதற்கா?

செப்ரெம்பர் 9, சனி

மஹ்மூதா கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். அவள் புருஷன் றிஸ்வி வேனில் போட்டுச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் கடிதத்தோடு போனேன். அங்கிருந்த டொக்டர் அதை வாசித்தார். மேலே இருந்த திகதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

செப்ரெம்பர் 29, வெள்ளி

மஹ்மூதாவுக்குக் கொழும்பில் ஒப்பரேஷன். ஈரலிலும் மூன்று இடத்தில் இருக்கிறது. கட்டியில் அதே இரண்டு புரதங்கள் இல்லை. அப்படியானால் எனக்குச் சொன்ன நல்ல செய்தி அவளுக்கும்தானே என்று அங்குள்ள டொக்டரிடம் கேட்டேன். பரவிய பிறகு அந்த அடையாளம் அந்த நம்பிக்கையைத் தராது என்றார்.

"ஆறு மாசத்துக்கு முதல் வந்திருந்தா?"

"சொல்ல ஏலாது."

சொன்னபடியே எழுதுகிறேன். தப்பியிருப்பாள் என்று அவர் சொல்லவில்லை. தப்பியிருக்க மாட்டாள் என்றும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 3

சொல்லிவிட்டேன். வார்ட்டில், றிஸ்வியும் இருக்கும்போது.

"எப்ப தெரியும் நானா?"

"மார்ச் இருவது."

"நோன்புக்கு முந்தியா?"

"முந்தி."

"அப்ப நான் வட்டிலப்பம் அவிச்ச நேரம் உங்களுக்குத் தெரியும்."

ஓம் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். றிஸ்வி என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் வந்தேன்.

ஒக்டோபர் 22, ஞாயிறு

றிஷ்னா, யாரையும் கேட்காமல், தன் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அந்த மாமியார் றஹ்மத் உம்மா இன்று புத்தளத்திலிருந்து வந்தார். முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சம்.

"இதுக்கா மறைச்சீங்க? எங்கட வாப்பாவும் இதே வருத்தத்துலதான் மௌத்தாப் போனாங்க. கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பம். மருமகளை அடுத்த கிழமை நானே கூட்டிட்டுப் போறன், கமெரா பாக்க."

மறுதரப்பைக் கேட்காமல் ஒரு செய்தியையும் நான் அனுப்பியதில்லை. இதில் புத்தளத்தை நான் கேட்கவே இல்லை. அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நானே எழுதி, நானே நம்பிவிட்டேன்.

மபாஸா குசினியிலிருந்து வெளியே வரவில்லை. பிறகு ஒன்று மட்டும் கேட்டாள்: "என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

நவம்பர் 2

றிஷ்னாவுக்கு ஒன்றும் இல்லை. வருடா வருடம் பார்க்க வேண்டும்.

2018 பெப்ரவரி 6, செவ்வாய்

மஹ்மூதாவுக்கு மருந்து ஏறுகிறது. பயணம் செய்ய ஏலாது. றிஸ்வி அவளை விட்டு அசைவதில்லை. அவர்களுடைய மூத்த மகள் அஸ்காவுக்கு இருபத்தொரு வயது. கமெரா பார்க்க அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போக நான்தான் வேண்டியிருந்தது. விடிய முன் மாம்புரிக்குப் போனேன். மஹ்மூதா கதிரையில் இருந்தபடி மகளின் முந்தானையைச் சரி செய்தாள்.

"மாமா கூட வருவாரு. அவ்வளவுதான். டொக்டர்கிட்ட நீயே கேளு. நீயே எனக்குச் சொல்லு."

நான் பையோடு வாசலில் நின்றேன். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. பிறகு என்னிடம், "இவ பட்டினி இரிக்கணும். உங்களுக்குப் பாண் கட்டி வச்சிரிக்கன் நானா" என்றாள்.

சிலாபத்திலிருந்து ரயில். அஸ்கா பாதி வழி தூங்கினாள்.

மூன்று மணிக்குப் பிறகுதான் பரிசோதனை அறையிலிருந்து வந்தாள். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. சுவரைப் பிடித்து நடந்தாள். எழுந்துபோய்க் கதிரையை இழுத்துக் கொடுத்தேன். இருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் போனை எடுத்துவிட்டாள்.

"உம்மா... ஒண்டுமில்லையாம். அடுத்த வருசம் திரும்பப் பாக்கட்டாம்... ஓம்... இல்ல உம்மா, மாமா சொல்லல்ல. நானேதான் கேட்டன்."