ஜெபிச்சுச் சொல்றேன்

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். இருபத்து மூன்று பேர். ஒரே ஒரு மின்விசிறிதான் ஓடியது. அதற்கு நேர் கீழே உள்ள நான்கு நாற்காலிகளுக்கு வழக்கமான போட்டி.

எங்கள் ஐக்கியத்துத் தபால்காரம்மாவுக்கு நாளை முதல் கதிர்வீச்சுச் சிகிச்சை. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், மொத்தம் இருபத்தைந்து முறை. காலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். மார்பில் புற்றுக்கு அறுவை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. நம் தலைவிதான் எழுந்து கேட்டார்: "யார் யாரால கூடப் போக முடியும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். பதினொரு பெயர் கிடைத்தது. நாளைக்குத் தலைவி. செவ்வாய்க்குப் பல் டாக்டர், அவரிடம் கார் இருக்கிறது. ஓய்வு பெற்ற நிருபர் என்றால் எழுதத்தான் லாயக்கு என்று என்னைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். எழுதினேன். தலைவி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பதினொரு பேர்! நல்ல கூட்டம் இது.

ஜூன் 9, திங்கள்

முதல் நாள் நல்லபடியாக முடிந்தது. தலைவி கூடப் போய் வந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

தபால்காரம்மா ஏழரைக்கு வாசலில் வந்து நின்றிருக்கிறார். எட்டே முக்கால் வரை நின்றிருக்கிறார். யாரும் போகவில்லை. அவரும் ஒருவரையும் போனில் கூப்பிடவில்லை. தானே பஸ் ஏறிப் போய்விட்டார். அவருக்கு ஒதுக்கிய நேரம் கடந்துவிட்டதால் பதினொன்றரை வரை உட்கார வைத்துவிட்டார்கள்.

பல் டாக்டருக்குப் போன் செய்தேன். அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை.

"நான் எப்போ அக்கா வர்றேன்னு சொன்னேன்? ஜெபிச்சுச் சொல்றேன்னுதானே சொன்னேன்?"

"அப்புறம் சொல்லவே இல்லையே."

"சொல்லலேன்னா என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். ஐக்கியத்தில் எல்லோருக்கும் தெரியும். முடியாது என்று சொல்ல நமக்கு இருக்கிற மரியாதையான வழி அது ஒன்றுதான். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நடுவில் கடவுள் வந்துவிடுகிறாரே, எப்படிக் கேட்பது?

சாயங்காலம் தபால்காரம்மா தலைவிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்: இனி யாரும் வர வேண்டாம். தினமும் வேலைக்குப் போவது போல இதற்கும் போய்க்கொள்கிறேன்.

ஜூன் 11, புதன்

என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். கூட்டத்தில் அவசரமாகக் கிறுக்கிய பக்கத்தில் பல் டாக்டரின் வார்த்தை அப்படியே இருக்கிறது: ஜெபிச்சுச் சொல்றேன். பிறகு சுத்தமாக எழுதிய பக்கத்தில்: சம்மதித்தார்.

சொல்லாததை எழுதியிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் செய்தித்தாளில் இருந்துவிட்டு! எவனாவது ஒரு அரசியல்வாதி பற்றி இப்படி எழுதியிருந்தால் ஆசிரியர் என்னைத் தொலைத்திருப்பார். பதினொரு பெயரையும் பழைய பக்கத்தோடு ஒப்பிட்டேன். முடியும் என்று வாயால் சொன்னவர்கள் மூன்று பேர். மீதி எட்டும் 'பார்க்கலாம் சிஸ்டர்', 'கர்த்தருக்குச் சித்தமானா', ஒரு தலையாட்டல், ஒரு புன்னகை.

மதியம் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். தலைவி அங்கேதான் கண் பரிசோதிக்கிறார். கதவைத் திறந்தால் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஓர் இருட்டறை. எதிர்ச்சுவரில் கண்ணாடி, அதில் இடவலம் மாற்றி அச்சடித்த எழுத்துப் பலகை நேராகத் தெரியும். உள்ளே ஒரு லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். கடைசி வரியைக் கடகடவென்று சொன்னார். தலைவி பலகையை மாற்றினார். மனிதருக்கு ஓர் எழுத்தும் வரவில்லை.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களா அண்ணா?"

"வெளிய காத்திருக்கும்போது கதவு இடுக்குல பார்த்தேம்மா. தெரியலேன்னா லைசென்ஸ் போயிடும்ல."

தலைவி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "இது தெளிவா, இது தெளிவா? ரெண்டும் ஒண்ணுதான்னாலும் சொல்லுங்க, அதுவும் பதில்தான்." பத்து நிமிடத்தில் அந்த மனிதருக்குச் சரியான கண்ணாடி கிடைத்துவிட்டது. பொய் சொல்ல அவருக்கு இடமே கொடுக்கவில்லை.

அவர் போனதும் என் இரண்டு பக்கங்களையும் காட்டினேன். தவறு என்னுடையது என்றேன்.

"நீங்க எழுதினீங்க, நான் கையெழுத்துப் போட்டேன். அதை விடுங்க அக்கா. நான் கேட்டதே தப்பு." வில்லைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே பேசினார். "இங்க யாரையாவது 'நல்லாத் தெரியுதா'ன்னு கேட்டா எல்லாரும் தெரியுதுன்னுதான் சொல்வாங்க. பதினெட்டு வருஷமா எனக்கு அது தெரியும். ஞாயித்துக்கிழமை அங்க போய் நின்னுட்டு 'யாரால முடியும்'னு கேட்டிருக்கேன் பாருங்க."

வேறு யாராக இருந்தாலும் பல் டாக்டரைப் பற்றி இரண்டு வார்த்தையாவது வந்திருக்கும். இவர் வாயில் அந்தப் பெயரே வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் இருவரும் தபால்காரம்மா வீட்டுக்குப் போனோம். மாடியில் ஓர் அறை. சீருடை துவைத்து மடித்து அலமாரியில் இருந்தது. எங்களை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

தலைவி நின்றபடியே சொன்னார்: "செவ்வாய்க்கிழமை நீங்க நின்னதுக்கு நான்தான் காரணம். யார் வர்றாங்கன்னு சரியாக் கேட்டுக்காம உங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான். 'ஆனால்' என்று ஒரு சொல் பின்னால் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"சரி சிஸ்டர்," என்றார் தபால்காரம்மா. "வீட்டுல இருந்தே ஜெபம் பண்ணிக்கோங்க. அது சுலபம்."

சுருக்கென்றது. தலைவி அதை அப்படியே வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு யாராவது வந்தா உங்களுக்கு நல்லா இருக்குமா, வராம இருந்தா நல்லா இருக்குமா?"

"வராம இருந்தா."

"சரி," என்றார் தலைவி. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன்: "இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமே?"

"கேட்டோம், பதில் சொன்னாங்க. அந்தப் பதில் நமக்குப் பிடிக்கலேன்னு திரும்பக் கேட்டா, முதல்ல கேட்டதே சும்மாதான்னு ஆயிடும் இல்லையா?"

இதை எத்தனை கலெக்டர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்!

ஜூன் 15, ஞாயிறு

இன்றைய கூட்டத்தை முழுதாக எழுதி வைக்க வேண்டும்.

முதலில் தலைவி தன் தவறைச் சொன்னார். பெயர் எதுவும் இல்லை, நான்கு வாக்கியம். பிறகு, "அவங்க இப்போ வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, எப்பவாவது கேட்டா நாம தயாரா இருக்கணும். இனிமே நான் 'முடியுமா'ன்னு பொதுவாக் கேட்க மாட்டேன். ஒவ்வொருத்தரையும் தனியாக் கேட்பேன். செவ்வாயா, வியாழனா, ரெண்டும் வேண்டாமா? மூணுமே பதில்தான். முடியாதுன்னு சொல்றவங்களை யாரும் ஏன்னு கேட்கக் கூடாது, நானும் கேட்க மாட்டேன்."

மின்விசிறிக்குக் கீழ் நாற்காலியிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். எழுபத்தெட்டு வயது, இந்த ஐக்கியத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். "அப்போ ஜெபிச்சுச் சொல்றேன்னு இனிமே சொல்லக் கூடாதோ?"

"தாராளமாச் சொல்லுங்க பெரியம்மா. எந்தக் கிழமை சொல்வீங்கன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க."

அறையே சிரித்தது. பெரியம்மாதான் அதிகம் சிரித்தார். "நாற்பது வருஷமா இதை வச்சுத்தான் பிழைச்சேன். கெடுத்துட்டியே!"

பிறகு ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். வியப்பாக இருந்தது. இத்தனை வருடம் பழகியவர்கள், பாதிப் பேரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருத்திக்கு ஏழரைக்கு மாமனாரைக் குளிப்பாட்ட வேண்டும். இன்னொருத்தி வீட்டுக்காரரிடம் கேட்காமல் வெளியே போக முடியாது. அதை இன்றுதான் முதல் முறையாக வாய்விட்டுச் சொல்கிறாள். யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்காததால்தான் சொன்னார்களோ?

பல் டாக்டர் முறை வந்தது. முகம் கடுகடுவென்றிருந்தது.

"ரெண்டும் வேண்டாம்," என்றார். பிறகு குரல் இறங்கியது. "அந்த ஆஸ்பத்திரிக்குள்ள என்னால கால் வைக்க முடியாது சிஸ்டர். எங்க அம்மாவுக்கு அங்கதான் பார்த்தோம். கேட் வரைக்கும் போனாலே திரும்பி வந்துடறேன்."

தலைவி, "சொன்னதுக்கு நன்றி," என்றார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போனார். எனக்கு அது கொஞ்சம் கடுமையாகப்பட்டது. ஆனால் இரண்டு பேர் தாண்டியதும் பல் டாக்டரே கையைத் தூக்கினார்: "காரைத் தர்றேன். ஓட்டுறதுக்கு வேற யாராவது இருந்தா."

கடைசியில் நான்கு பேர்தான். தலைவி, கணக்கு டீச்சர், நான், பேக்கரியில் வேலை செய்யும் பெண். பதினொன்று நான்காகிவிட்டது. கலையும் முன் நான் எழுதியதைச் சத்தமாகப் படிக்க வைத்தார். ஓர் இடத்தில் திருத்தினார்கள்.

தபால்காரம்மாவுக்குத் தலைவி அனுப்பிய செய்தி: நான்கு பேர் இருக்கிறோம், அவரவர் நாட்கள் இவை. வேண்டும் என்றால் எந்த நேரத்திலும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் பதில் போட வேண்டியதில்லை.

பதில் இல்லை.

ஜூன் 18, புதன்

எட்டாவது முறை. தனியாகத்தான் போனார்.

ஜூன் 20, வெள்ளி

பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். நான் முன்னால், அவர் பின்னால், ஜன்னல் ஓரம். கண்ணை மூடிக்கொண்டு முன் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். வருடக் கணக்காக ஒரு நாளைக்கு முந்நூறு வாசல் ஏறி இறங்கிய மனுஷி. என்னைப் பார்க்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்காரலாமா? வேண்டாம் என்றாரே. நாலு வரிசை தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷியோட வலியை வேடிக்கை பார்க்கிறதுக்குப் பேர் மரியாதையா? எனக்கு ஒண்ணும் புரியல. போங்க.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "உங்க தலைவி காத்திருக்காங்க. உனக்குத்தான் செய்தி உடனே வரணும், நாளைக் காலைப் பதிப்புக்கு," என்றார். பேசாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

காலை ஏழு பத்துக்குத் தலைவிக்குப் போன் வந்திருக்கிறது. தபால்காரம்மா.

"சிஸ்டர், இன்னைக்கு நான் போகல. தோல் எரியுது. இனிமே போகவே வேண்டாம்னு இருக்கு. யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணிச்சு, அவ்வளவுதான்."

நானாக இருந்தால் பயந்துபோய், பாதியில் விடக் கூடாது என்று பத்து நிமிடம் பேசியிருப்பேன். தலைவி கேட்டது இது மட்டும்தான்: "நான் இப்போ வரட்டுமா, சாயங்காலம் வரட்டுமா?"

போன் கட்டாகிவிட்டதோ என்று தலைவி எடுத்துப் பார்த்தாராம். பிறகு, "இப்போ."

கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தலைவி போயிருக்கிறார். ஒரு மணி நேரம் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தது தபால்காரம்மாதான்: "கிளம்பினா இன்னும் சேர்த்துப்பாங்களா?" போன் போட்டுக் கேட்டார்கள். நேரம் தாண்டிவிட்டது, ஆனாலும் வரச் சொன்னார்கள். எரிச்சலுக்கு டாக்டர் களிம்பு மாற்றிக் கொடுத்தார். முந்தின வாரமே சொல்லியிருக்க வேண்டும் என்றாராம். பதினொன்றாவது முறை பகல் பன்னிரண்டரைக்கு முடிந்தது.

இவ்வளவையும் தலைவி எனக்கு மூன்று நிமிடத்தில் சொன்னார், யாரோ ஒருவருக்குக் கண்ணாடி மாற்றியது போல. இந்தத் தலைவர் வேலையை நான் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்? மேடையில் அழகாகப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டு இருக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

இனி வரலாம் என்று தபால்காரம்மா தலைவியிடம் சொல்லிவிட்டார்; செவ்வாயும் வியாழனும் என் முறை. பல் டாக்டரின் காரில் நான் அழைத்துப் போனேன். கிளட்ச் கல் மாதிரி. தபால்காரம்மா அதிகம் பேசவில்லை. நான் பேசினேன்.

ஜூன் 29, ஞாயிறு

கூட்டம். பெரியம்மாவுக்கு இப்போது 'முடியாது' ருசி கண்டுவிட்டது. ஜெபம் செய்யச் சொன்னால் முடியாது, நாற்காலி நகர்த்தச் சொன்னால் முடியாது. "ஏன்னு கேட்கக் கூடாது!" என்று வேறு அதட்டுகிறார். தலைவி நெற்றியில் கை வைத்துச் சிரித்தார்.

குறிப்பில் இன்று திருத்தம் இல்லை.

ஜூலை 2, புதன்

சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குப் போன். தபால்காரம்மா. நேராக எனக்கே போன் செய்வது இதுதான் முதல் முறை.

"அக்கா, நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

திக்கென்றது. "ஏம்மா, உடம்புக்கு முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் காலைல ஏழரைக்கே பேட்டி எடுக்க ஆரம்பிச்சிடறீங்க. எங்க பிறந்தீங்க, எப்போ வேலைக்குச் சேர்ந்தீங்க, எந்தத் தெருவுல நாய் கடிச்சது... எனக்குப் பதில் சொல்லி மாளல. வாயைத் திறக்காம ஓட்டுற ஆள் யாராவது இருந்தா அனுப்புங்க. கணக்கு டீச்சர் நல்லா இருப்பாங்க."

"சரிம்மா."

"கோபமா?"

"இல்லவே இல்ல."

"அடுத்த செவ்வாய் நீங்களே வாங்க. ஒரு நாள்னா தாங்கிக்கலாம்."

தலைவியிடம் சொன்னேன். "உங்ககிட்டயேவா 'வேண்டாம்'னு சொன்னாங்க? அதே வார்த்தையிலயா?" என்றார். திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னார்.

ஜூலை 3, வியாழன்

பத்தொன்பதாவது முறை. டீச்சர் போனார். நான் வீட்டில் இருந்தேன்.