அக்கா நிறுத்திய படம்

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. சாயங்காலம் நானும் என் மகள் நித்யாவும் பழைய ஜப்பானியப் படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் ஒரு மகளின் கல்யாணத்தை வைத்து வீடே சண்டை போடுகிறது. ஆனால் யாரும் குரலை உயர்த்துவதில்லை. சிரித்த முகத்தோடு “அப்படியா” என்கிறார்கள். நாங்கள் ரசித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அனுமந்தன்பட்டியிலிருந்து அக்கா வந்தாள்.

கொஞ்ச நேரம் அவளும் பார்த்தாள்.

“ஏலே தம்பி, இந்தப் பிள்ளைக்கு அத்தை மகன்னு ஒருத்தனும் இல்லையாக்கும்? அதான் இந்தப் பாடு படுறாக” என்று சொல்லி டிவியை நிறுத்தினாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். தை மாதம் அவள் மகனுக்கும் நித்யாவுக்கும் கல்யாணமாம். மண்டபம்கூடப் பேசிவிட்டாளாம்.

“யாரைக் கேட்டுப் பேசுன?”

“உரிமைக்காரி நான். யாரைக் கேக்கணும்?”

நான் கத்திவிட்டேன். என் மகளை உன் வீட்டுக்குத் தரமாட்டேன், இனி இங்கே வராதே என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

நித்யா அசையவில்லை. “அப்படிங்களா அத்தை” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, அதே சிரிப்போடு, “அப்படிங்களாப்பா” என்றாள்.

அக்கா சாப்பிடாமலே போய்விட்டாள். போகட்டும். மண்டபம் பேசியதை நான் மன்னிக்கப்போவதில்லை.

சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் இத்தனை வருட நிருபர் வேலையில் ஒரு செய்திகூட நான் கொடுத்ததில்லை. இன்று நித்யாவை அக்காவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பக்கத்து அறையில் அந்தப் படம் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. நித்யா என்னைக் கூப்பிடவில்லை.