நிறுத்து, காலை ஊன்று, அப்புறம் பார்

பிப்ரவரி 3, திங்கள்

படகுத்துறை டிக்கெட் கவுண்டரை இன்றோடு மூடியாயிற்று. இனிமேல் எனக்குப் பதிலாக டிக்கெட்டை இயந்திரம் கொடுக்குமாம். கொடுக்கட்டும். கரண்ட் போனால் தெரியும் சேதி.

சாயங்காலம் அக்கரையிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, பேசாம இங்க வந்துடு. நம்ம கடைல கல்லால உக்காந்துக்கலாம்." பின்னாலிருந்து அவன் மனைவி, "மாடி ரூமைக் காலி பண்ணிட்டேன்னு சொல்லுங்க" என்கிறாள். அந்த மாடி அறையை எனக்குத் தெரியாதா? பழைய பெட்டிகளோடு இன்னொரு பெட்டியாக என்னையும் அடுக்கிவிடுவார்கள். இவன் பரிதாபம் யாருக்கு வேண்டும்? ஆனாலும் வாய் சும்மா இருந்ததா - மாதக் கடைசிக்குள் இங்கே வேலை அமையாவிட்டால் வருகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

வேலை கிடைத்தது. பாதி வேலை என்று சொல்ல வேண்டும்.

கோட்டைத் தெருவில் சைக்கிள் சுற்றுலா நடத்துகிறவருக்கு ஒரு வழிகாட்டி தேவை. கோட்டை, பழைய சுங்க மாளிகை, சிறைச்சாலை, கலங்கரை விளக்கம் - தீவை ஆற அமரச் சுற்றிக் காட்ட வேண்டும். "ஊரப் பத்தித் தெரியுமா?" என்றார். "ஊருக்கே என்னப் பத்தித் தெரியும்" என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. மாதக் கடைசிவரை பார்த்துவிட்டுச் சொல்வாராம். ஒரு தொப்பி கொடுத்தார். முன்பு இருந்தவரின் தலை எண்ணெய் இன்னும் அதில் இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

எழுதவே கூசுகிறது.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அவர் மனைவி, புதுசாகக் கல்யாணமான ஜோடி, பல் டாக்டர்களான அக்கா தங்கை இருவர். கடலோரச் சாலையில் நான் முன்னால், அவர்கள் பின்னால். ராணி மாதிரி கையை நீட்டி, "இடது பக்கம் பாருங்க, இதுதான் பழைய சுங்க மாளிகை" என்றேன்.

பார்த்தார்கள். சைக்கிளில் கண் போகிற பக்கம்தான் கையும் போகும் என்பது இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. ஒருவர் பின் ஒருவராக, வரிசைகூடக் குலையாமல், இடப்பக்கம் திரும்பி, மாளிகைக்கு முன்னால் லாட்ஜ்காரர்கள் துணி காயப்போட்டிருந்த கொடிக்குள் போய்விட்டார்கள். ஈரப் போர்வைக்குள்ளிருந்து நீதிபதி, "இதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். பல் டாக்டர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிஜமாகவே விழுந்துதான். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"ஊரக் காட்டச் சொன்னா துணிக்கொடியக் காட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார் முதலாளி.

பிப்ரவரி 11, செவ்வாய்

மாடி ரூம். மாடி ரூம். மாடி ரூம்.

பிப்ரவரி 13, வியாழன்

புதுச் சட்டம் போட்டுவிட்டேன். நிறுத்து, காலை ஊன்று, அப்புறம் பார். அதுவரை முன்சக்கரத்தைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது. வந்தவர்களில் ஒரு பெரிய மனுஷி, கோட்டை வாசலில் இறங்கி, "இப்பப் பாக்கலாமா?" என்று அனுமதி கேட்டார்.

ஒரே சிக்கல், பாதி ஊர்தான் முடிகிறது. நிறுத்தினால் ஜனங்கள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். கோட்டையைப் பற்றி நான் சொல்வதைவிட மாமியாரைப் பற்றி அவர்கள் சொல்வது அதிகம். நானும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

"கலங்கரை விளக்கத்த இதுவரைக்கும் யாருக்குமே காட்டலையாமே?" - முதலாளி.

"அது எங்க ஓடியா போகப்போகுது?" என்றேன். முறைத்தார். மாதக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டியை இழுத்துத் தூசி தட்டினேன். அழுகை வந்தது. அழுதேன். போக இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 27, வியாழன்

தம்பி என்னைக் கூட்டிப்போக ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். மத்தியானப் படகுக்கு முன்னால் ஒரு சுற்றுலா இருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அவனுக்கும் ஒரு சைக்கிள் கொடுத்தேன். மூட்டை ஏற்றிய வண்டி மாதிரி ஆடி ஆடி வந்தான்.

சிறைச்சாலை வாசலில் நிறுத்தினேன். எல்லோரும் காலை ஊன்றிச் சிறையைப் பார்த்தார்கள். இவன் மட்டும் ஹேண்டில்பாரைப் பார்த்தபடி, "கல்லாவுக்கு ஆளா கெடைக்காது? அதுக்கா உன்னக் கூப்பிட்டேன்?" என்றான்.

"பின்ன?"

"வீட்ல எங்கிட்ட யாரும் பேசறதே இல்லக்கா. அவ போன்ல இருப்பா, பசங்களும் போன்லதான். கடைக்கு வர்றவங்க வெலய மட்டும் கேக்கறாங்க. நீ வந்தா பேசிட்டிருக்கலாம்னு."

அடப்பாவி. இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? நான் என்னென்னவோ நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேனே. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இங்க வந்து பேசேன்டா" என்று மட்டும் சொன்னேன். அவன் பேசினான். படகு போய்விட்டது.

பிப்ரவரி 28, வெள்ளி

நேற்று வந்தவர்களே மீதி ஊரைப் பார்க்க இன்றும் வந்து வாசலில் நிற்கிறார்கள். முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பாதி ஊரக் காட்டி மறுபடியும் வரவைக்கிறீங்க. தெரிஞ்சேதான் செய்றீங்களா?"

"பின்னே?" என்றேன். பச்சைப் பொய். தொப்பியை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

தம்பியைப் படகேற்றிவிட்டேன். தனியாகத்தான் போனான். கை காட்டினேன், அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தம்பி கடைக்கு வார விடுமுறை. முதல் படகிலேயே வந்து வரிசையில் கடைசியாக நின்றுகொண்டான். கோட்டை வாசலில் நிறுத்தி, காலை ஊன்றச் சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்றவரிடம் "கைடு எங்க அக்காதான்" என்று ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை. நானும் கோட்டையை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.